வலம்புரி ஊரியும் என் வயிற்றெரிச்சலும்

பிள்ளைகளே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நல்ல வார்த்தை நாலு எழுதித் தரும்படி ஆய்வுகூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பொறுமை வேண்டும், கவனம் வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் ஸ்கேனர் அறைச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது பொறாமையைப் பற்றி. இத்தனை வருட வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம் அதுதான். ஓய்வு பெற்று வீட்டில் கோழி வளர்க்கிறவளுக்கு இனி யாருடைய தயவும் வேண்டியதில்லை, ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் தேவகி. என் ஊர் கிரான், அவள் ஊர் செட்டிபாளையம். எங்கள் வீட்டில் வயல், அவள் வீட்டில் தோணி. மற்றபடி ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் இயக்குநரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் "தேவகி எடுத்த படம்" என்றால் ஒரு மதிப்பு. நான் எடுத்ததற்குப் பெயர் வெறும் "ஸ்கேன்". யாரும் வேண்டுமென்றே சொல்வதில்லை, தானாகவே அப்படித்தான் வாயில் வரும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பொருளை உடைக்காமல் அதன் உள்ளே என்ன வடிவத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை. வாவிக்கரைக் கண்டல் மரத்து வேராக இருக்கலாம், இறால் தலையாக இருக்கலாம், பாலத்துக் கொங்கிறீட்டில் ஒரு துண்டாக இருக்கலாம். சின்னத் தட்டில் வைத்தால் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலும், ஒவ்வொரு பக்கமிருந்தும் எக்ஸ்ரே படம் விழும், எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி முழு உருவத்தைக் கட்டித் தரும். நடுவில் பொருள் ஒரு மயிரளவு அசைந்தாலும் படம் கலங்கிப்போகும்.

ஈரமான மாதிரிகள் என்றால் மெஷினுக்குள் இருக்கும்போதே காய்ந்து, சுருங்கி, அசைந்துவிடும். நான் சுற்றிவரப் பஞ்சு வைத்து இறுக்குவேன். அப்படியும் அசையும். தேவகி என்ன செய்தாள் தெரியுமா? இளநீர் குடிக்கிற ஸ்ட்ரோவை வெட்டி, உள்ளே மாதிரியைத் தள்ளி, இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்துவிட்டாள். ஈரம் போகவில்லை, இறாலின் கண்ணுக்குள் இருந்த அடுக்குகள் வரைக்கும் தெளிவாக வந்தது. இயக்குநர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். நான் நாள்தோறும் அதைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போகவேண்டும். அந்த வித்தையை அவள் ஒளித்து வைத்திருந்தால் மனதாரத் திட்டியாவது இருக்கலாம். கேட்ட எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குக் கேட்காமலே சொல்லித் தந்தாள். இதைவிட ஒரு மனுசியை என்ன செய்து எரிச்சல்படுத்த முடியும்?

இப்படியே வருடங்கள் போய், எங்கள் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் பதவி காலியானது. ஒரே ஒரு இடம். விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். வெளியிலிருந்து ஒரு குழு வந்து எங்கள் இருவரின் வேலையையும் பார்த்து, அன்றைக்கே முடிவு சொல்லும் என்றார்கள். எனக்கு அந்தப் பதவி வேண்டும். சும்மா வேண்டும் என்று இல்லை, கொதிக்கக் கொதிக்க வேண்டும். அவளுக்கு மேலே ஒரு நாளாவது இருந்து பார்க்கவேண்டும்.

நான் கண்டல் வேரை எடுத்துக்கொண்டேன். சேற்றுக்குள் இருக்கிற வேருக்குக் காற்று எந்தக் குழாயால் போகிறது என்று கிளை கிளையாகக் காட்டுகிற படம். மாதக்கணக்காக உழைத்தேன், நன்றாகவே வந்தது. இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தேவகி ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஊரில் கிணறு வெட்டியவர்கள் தூக்கி எறிந்தது, கை முட்டியளவு சுண்ணாம்புக் கட்டி. ஒரு காலத்தில் வாவியின் அடிச்சேறாக இருந்து இறுகிப்போனது. அதைச் சும்மா ஸ்கேன் பண்ணிப் பார்த்தாளாம். சும்மா! உள்ளே நெல்மணியளவில் ஒரு ஊரி. ஊரி என்றால் நம் வாவிக்கரையில் காலில் குத்துகிற சின்னச் சங்குதான், அதில் என்ன இருக்கிறது என்று நானும் திரும்பி என் வேரைப் பார்க்கப் போனேன். பின்னால் தேவகியின் சத்தம் கேட்டது.

"ஐயோ கோமளா, இஞ்ச வா கா! இது மத்தப் பக்கம் திருகியிரிக்கு!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஊரி, சங்கு எல்லாம் ஒரே பக்கமாகத்தான் திருகி வளரும். அபூர்வமாக எங்கோ ஒன்று மறுபக்கம் திருகும். சங்கில் அப்படி வந்தால் அதற்குப் பெயர் வலம்புரி. அதைக் கோயிலில் வைப்பார்கள், கடைப் பணப்பெட்டியில் வைப்பார்கள், கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம் என்பார்கள். இங்கே கட்டிக்குள் இருந்த ஊரியின் ஓடு எப்போதோ கரைந்துவிட்டது, அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிச்சம். அந்த வெற்றிடம் வலம்புரியாகத் திருகி நின்றது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அலுவலக உதவியாளர் பரமானந்தம் அண்ணன் செவ்வரத்தம்பூ ஒன்றைப் பறித்துவந்து கணினிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அடுத்த நாள் ஸ்கேனர் அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கழற்றிக் கிடந்தன. யாரோ சாம்பிராணி போடப் போய், புகை மணி அடித்து, அறை முழுக்கக் களேபரம். படித்த மனிதர், எங்கள் இயக்குநர், அவரே கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "ஆய்வுகூடத்துக்கு நல்ல காலம் பிறந்திட்டு" என்றார். நேர்முகத்துக்கு முன்பே தேவகிக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என் கண்டல் வேரைத் திரும்பிப் பார்க்க ஒரு குருவிகூட இல்லை.

நான் அந்தப் படத்தை முறைத்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது ஒரு பிழை இருக்கவேண்டும். இருந்தே தீரவேண்டும். இப்படி ஒரு ஆளுக்கு எல்லாமே எப்படி வாய்க்கும்? சோறு இறங்கவில்லை. வயலுக்கு மருந்தடிக்க ஆள் வந்திருக்கிறது என்று வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னதற்கும் எரிந்து விழுந்தேன்.

நேர்முகத்துக்கு முதல் நாள் மதியம் மண்டையில் ஒன்று தட்டியது. அந்தக் கட்டி மெஷினுக்குள் போவதற்குச் சற்று முன்னர்தான் சுழலும் தட்டின் மோட்டர் எரிந்துபோய்ப் புது மோட்டர் போட்டிருந்தோம். புது மோட்டரில் முதல் ஏறியதே இந்தக் கட்டிதான். தட்டு ஒரு பக்கம் சுழல, அது மறுபக்கம் சுழல்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்? அளவு சரியாக இருக்கும், ஓட்டை, வெடிப்பு எல்லாம் சரியாக இருக்கும். உருவம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருக்கும். கண்ணாடியில் தெரிகிற உங்கள் முகத்தைப் பிழை என்று நீங்கள் சொல்வீர்களா? சாதாரண ஊரி வலம்புரியாகத் தெரிய அது ஒன்றே போதும்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. உடனே மோட்டர் போட்ட நசீரை அழைத்தேன். ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கிறவர், எங்கள் மெஷின்களைப் பல காலமாகப் பார்க்கிறவர்.

"நசீர், தட்டுக்குப் புது மோட்டர் போட்டீங்களே, அது பழைய பக்கம்தானா சுத்துது?"

"ஓம் அக்கா, அப்பிடித்தான் இரிக்கும் எண்டு நினைக்கன்."

"நினைக்கிறீங்களா, பாத்தீங்களா?"

"சுத்துதா எண்டு பாத்தன். எந்தப் பக்கம் எண்டு பாக்கல்ல. வயர் ரெண்டு மாறினா மத்தப் பக்கம் சுத்தும்தான். ஏன் அக்கா, ஏதும் பிழையா?"

"சீச்சீ, ஒண்டுமில்ல" என்று வைத்துவிட்டேன். ஒன்றுமில்லையாம்! எனக்குக் கால் தரையில் படவில்லை.

தட்டை நேரே பார்த்து இதைத் தீர்க்க முடியாது. முன்பு எந்தப் பக்கம் சுழன்றது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை, கணினி எந்தப் பக்கத்தை எதிர்பார்க்கிறது என்பது அதைவிடத் தெரியாது. திருகு எந்தப் பக்கம் என்று கையால் தொட்டுத் தெரிந்த ஒரு பொருளை உள்ளே வைத்து எடுத்தால்தான் தெரியும். முதலில் தோட்டுத் திருகாணியைக் கழற்றினேன். பிறகு, தங்கத்தை வைத்தால் படம் முழுக்க வெள்ளைக் கீறல்தான் விழும் என்று நினைவு வந்து திரும்பப் பூட்டிக்கொண்டேன். கைப்பையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்துக் குப்பி இருந்தது. அதன் கழுத்தில் மூடி பூட்டுகிற புரி இருக்கிறதல்லவா, எல்லாக் குப்பியையும்போல வலப்பக்கம் திருகினால் மூடும். தேவகி சேலை எடுக்க அரைநாள் விடுமுறையில் போயிருந்தாள். அவள் கட்டிக்கு வைத்த அதே அமைப்பில், அவளுடைய கணினியிலேயே, குப்பியை ஏற்றி ஓடவிட்டேன்.

படம் கட்டி முடியும் வரைக்கும் நாற்காலியில் உட்காரவில்லை. புரி தலைகீழாக வந்தால் நாளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தேன். "எனக்குக் கவலையாத்தான் இருக்கு, ஆனா உண்மையச் சொல்லத்தானே வேணும்" என்று தொடங்கலாம். முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

படம் வந்தது. புரி, கையில் இருந்தபடியே நேராக நின்றது. ஒரு மாற்றமும் இல்லை. நசீர் வயரைச் சரியாகத்தான் பூட்டியிருந்தார். மெஷின் கண்ணாடிபோல மாற்றிக் காட்டவில்லை. ஊரி வலம்புரியேதான்.

எனக்கு அழுகை வந்தது. அந்தப் படத்தைப் பென்ட்ரைவில் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிரான் பஸ் ஏறிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? தேவகி சரி, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று நானே ஊர்வலம் போகவேண்டுமா?

மறுநாள் குழு வந்தது, மூன்று பேர். தலைவி வயதான ஒரு பெண், விஞ்ஞானி, சிரிக்கவே மாட்டார். முதலில் நான் காட்டினேன். "நல்லம்" என்றார்கள். அந்த ஒரு சொல்தான். பிறகு தேவகி புதுச் சேலையில் வந்து ஊரியைச் சுழற்றிக் காட்டினாள். மற்ற இருவரும் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்கள். தலைவி மட்டும் அசையவில்லை.

"பிள்ளை, இந்தப் படம் இடம் வலம் மாறி வரல்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தேவகி திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிட்டடியில மெஷின் ஏதும் திருத்தினீங்களா?"

அந்த இடத்தில் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் என்றால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவள் உள்ளதைச் சொன்னாள். "ஓம் மெடம். தட்டின்ட மோட்டர் மாத்தினது."

"மாத்தின பிறகு பக்கம் சரியா எண்டு பாத்தீங்களா?"

"இல்ல மெடம்." பூ வைத்தவர், கண்ணை மூடி நின்றவர், வாழ்த்துச் சொன்னவர் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்ப ஒரு ஸ்கேன் எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு அரைநாள் போகும். குழுவின் வாகனம் முற்றத்தில் ஆயத்தமாக நின்றது. இயக்குநர் பதற்றத்தில், "வெட்டிப் பாப்பம் மெடம். கட்டிய வெட்டினா உள்ளுக்கு எந்தப் பக்கம் எண்டு கண்ணால பாக்கலாம்தானே. பரமானந்தம், அந்தக் கல்லறுக்கிற வாளையும் கட்டியையும் கொண்டு வாங்க!" என்றார்.

வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்கும் தேவகிக்கும் தெரியும். உள்ளே இருப்பது ஓடு இல்லை, வெற்றிடம். வாள் பட்டதும் சுற்றியிருக்கிற சுண்ணாம்பு மாவாக உதிரும். அதோடு ஊரியும் போச்சு, அவளுடைய பதவியும் போச்சு. உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கட்டிதான். தேவகி "வெட்டுங்க சேர்" என்றாள். பரமானந்தம் அண்ணன் கட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பதில் என் கைப்பைக்குள் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பதவி எனக்கு. நான் ஒரு தப்பும் செய்யத் தேவையில்லை, சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு மனம் இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இளகவில்லை. நடந்தது வேறு. அந்தக் கேள்வி, அந்தச் சிரிக்காத மனுசி கேட்ட கேள்வி, எனக்கு நேற்றே வந்த கேள்வி. அந்த அறையில் அது தோன்றியது எங்கள் இரண்டு பேருக்குத்தான். அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தேவகிக்குக்கூடத் தெரியாது! அவளைவிட எனக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்த ஒரே நாள் அது. அதை எப்படி வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது? இயக்குநர் வாளை மின்சாரத்தில் சொருகினார். நான் எழும்பிவிட்டேன்.

"வெட்ட வேணாம் சேர். நான் பாத்திட்டன். மெஷின் சரி."

பென்ட்ரைவைப் போட்டுக் குப்பியின் படத்தைக் காட்டினேன். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தலைவி மூடியைத் திருகினார், கழற்றினார், திரையைப் பார்த்தார், திரும்பவும் திருகினார். முதல் தடவையாக அவருடைய முகம் மலர்ந்தது. தேவகியைப் பார்த்து, "மெத்த நல்லம். உங்கட ஆக்கள வச்சு முதலே சோதிச்சிருக்கிறீங்க. நல்ல மேற்பார்வை" என்றார்.

என் சோதனை, என் குப்பி, என் கண் மருந்து. மேற்பார்வை அவளுடையதாம்!

"இல்ல மெடம்" என்றாள் தேவகி. "நான் சொல்லல்ல. எனக்கு இது தெரியாது. கோமளா தானாத்தான் செஞ்சிரிக்கா."

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இதே பதவிக்குத்தானே வந்திருக்கிறீங்க? பிறகு ஏன் இதச் செஞ்சீங்க?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆய்வுகூடத்தின் நற்பெயர் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு முதல் நாளிலிருந்தே பற்றி எரிந்துகொண்டிருந்தது, அடக்க முடியவில்லை.

"அவட படம் பிழையா இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டன் மெடம். அதுதான் பாத்தன்."

இயக்குநர் இருமினார். தலைவி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு எழும்பிப் போனார். கட்டியைப் பரமானந்தம் அண்ணன் திரும்ப ஏந்திக்கொண்டு போனார்.

அவர்கள் பக்கத்து அறையில் முடிவெடுக்கும்போது நாங்கள் இருவரும் ஸ்கேனருக்குப் பக்கத்தில் நின்றோம். தேவகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"மெய்யா ஆசைப்பட்டியா கா?"

"ஓம்."

"பிழையா வந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"ஒலிபெருக்கி வச்சுச் சொல்லியிருப்பன்."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "எத்தின பேர் பூ வச்சாங்க, எத்தின பேர் கை குடுத்தாங்க. ஒருத்தராவது பாத்தாங்களா? நானும்தான் பாக்கல்ல. நீதான் புள்ள பாத்திரிக்காய்."

பதவி அவளுக்குக் கிடைத்தது. வாழ்த்துச் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும். முதல் நாள் அந்தப் பெரிய மேசையில் உட்கார்ந்ததும் அவள் போட்ட முதல் உத்தரவு, ஆய்வுகூடத்திலிருந்து எந்தப் படம் வெளியே போனாலும் அதை முதலில் கோமளா பார்க்கவேண்டும் என்பது. தன்னுடையதையே முதலாவதாக என் மேசையில் வைத்து, "இந்தா, பிழை பிடி" என்றாள். மாலை வரைக்கும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சல், பதவி போன அன்றைக்குக்கூட வரவில்லை. ஓய்வு பெறும்வரைக்கும் இப்படித்தான். சில நாள் அகப்பட்டது, அன்றெல்லாம் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, உங்களில் ஒருத்தி பக்கத்து மேசைக்காரியின் படத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் இருப்பாள். பிள்ளை, மறைக்காதே. புறம் பேசித் திரியாதே. போய் அவள் படத்தில் எங்கே பிழையிருக்கும் என்று முழு மனதோடு தேடு. தேடி எது கிடைத்தாலும் வெளியில் சொல், அவள் சரி என்று கிடைத்தாலும் சொல், தொண்டையில் முள் சிக்கினாலும் சொல். நல்ல படம் எடுக்கிறவளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உன்னைக் கண்டால் ஆகாதவளிடம் முதலில் காட்டு. கைதட்டுகிறவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள், பிறகும் தட்டுவார்கள்.

அந்தக் கட்டி இப்போதும் உடையாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். வலம்புரி என்று உலகம் அதை நம்புவது, தேவகியை நான் நம்பாமல் போனதால்தான். இதை நானாகப் பெருமையடித்துச் சொல்லலாம் என்று பார்த்தால், வருகிற ஒவ்வொருவரிடமும், ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுகூடத்துக்குப் போய்வருகிற அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள், என் பெயரையும் சொல்லி. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.